கயிற்றின் வால்

கயிற்றில் கடைசி ஆள் பீராதான். அவளுக்குப் பின்னால் பனி. பனிக்குப் பின்னால் மூடுபனி. அதற்கும் பின்னால், ஐந்து நாளாக முழங்கால் சேற்றில் மிதித்து ஏறிவந்த மலை. ஆள் என்று யாரும் இல்லை. இருந்தும், அவள் இடுப்புப் பட்டைக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கயிற்று மிச்சம் ஒரு முறை இழுபட்டது.

பலமாக இல்லை. சந்தைக் கூட்டத்தில் குழந்தை அம்மாவின் துணி நுனியைப் பிடித்து இழுக்குமே, அப்படி.

ஓர் இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் நட. காற்று வாயைத் திறக்கவிடாத பனிமேட்டில் வழிகாட்டிகள் பேசிக்கொள்வது இப்படித்தான். மூளை யோசிப்பதற்குள் பழகிய கால் நின்றுவிட்டது. முன்னால் போய்க்கொண்டிருந்த நக்காயியின் கயிறு விறைத்தது, அவளும் நின்றாள். அவளுக்கும் முன்னால், மூடுபனிக்குள் உருவமே தெரியாத இடத்திலிருந்து மசிகாவின் குரல் வந்தது.

"யாருடி நின்னது?"

"நான்தான். கால்ல ஏதோ மாட்டிக்கிச்சு."

"பட்டதாரிம்மா, தரையப் பாத்து நடங்க. பனியப் புத்தகத்துல படிச்சா இப்படித்தான் மாட்டும்."

நக்காயி சிரித்தாள். கம்பாலாவில் தொலைபேசி நிறுவனமொன்றில் பெரிய வேலையில் இருப்பவள். மார்கரீட்டா உச்சிக்குப் போகவேண்டும் என்று விடுப்பெடுத்து வந்தவள். ஐந்து நாளாக மசிகா எதைச் சொன்னாலும் சிரிக்கிறாள். பீராவுக்குக் காது எரிந்தது, அந்தக் குளிரிலும்.

அந்த மலைக்காரர்களான கொன்சோ இனத்தார் வீடுகளில் பெண் பிள்ளைக்குப் பெயர் யோசிக்க வேண்டியதில்லை. முதல் பெண் மசிகா, அடுத்தவள் பீரா, மூன்றாவது கபுகோ. பிறக்கும்போதே வரிசையை நெற்றியில் ஒட்டிவிடுகிறார்கள். மலையடிவாரத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் பெண்ணாக ஆன பிறகும், பீரா என்றால் இரண்டாவது என்றுதான் அர்த்தம். பட்டச் சான்றிதழிலேயே இரண்டாவது என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அவள் அக்கா மசிகா ஏழாம் வகுப்போடு மூட்டை தூக்கப் போனவள். இன்றைக்கு மலையின் தேசியப் பூங்கா வாசல் பலகையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது அந்த மசிகாவின் முகம். வெளிநாட்டுக்காரன் இறங்கியதும் கேட்பது மசிகாவை. வழியில் தங்கிய புஜுக்கு குடிலில் நக்காயி சாக்லேட்டை உடைத்தபோது பெரிய பாதி மசிகாவுக்குப் போனது, பீராவுக்குக் கிடைத்தது, "நீயும் எடுத்துக்க, தங்கச்சி."

தங்கச்சி. பெயர்கூட இல்லை.

அந்தக் குடிலில்தான் மசிகா வாக்குக் கொடுத்தாள். தலைமை வழிகாட்டி அட்டை வேண்டுமென்றால் கயிற்றின் முன்னால் நின்று ஒருவரை உச்சிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும். ஒரே ஒரு முறை. "பனிமேட்டுல நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்" என்றாள் மசிகா, அவித்த மரவள்ளியை வாயில் வைத்துக்கொண்டு. பீரா அன்று இரவு தூங்கவில்லை. சந்தோஷத்தில்.

ஆனால் இன்று விடிகாலை எலனா குடிலில், விளக்கு வெளிச்சத்தில் கயிற்றைப் பிரித்த மசிகா, முன் முடிச்சைத் தன் இடுப்பிலேயே போட்டுக்கொண்டாள்.

"மேல புதுசாப் பிளவு விட்டிருக்காம். இந்தத் தடவை வேணாம். அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"மூணு வருஷமா அடுத்த தடவைதான்கா."

"உயிரோட இருந்தா நாலாவது வருஷமும் வரும். போடி, போய்ப் பின்னால கட்டிக்க. வாலச் சுருட்டித் தோள்ல போடு."

கடைசி ஆளுக்குப் பின்னால் மிஞ்சும் கயிற்றை அவர்கள் வால் என்பார்கள். அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளாமல் எந்தக் கொன்சோ வழிகாட்டியும் பனியில் கால் வைப்பதில்லை. ஏன் என்று நக்காயி கேட்டாள்.

"சும்மா கெடக்குற கயித்துல யாராச்சும் வந்து கட்டிக்குவாங்க மேடம்," என்றாள் மசிகா. "எறங்கும்போது ஒரு ஆள் கூட இருக்கும். டீ பத்தாது."

நக்காயி விழுந்து விழுந்து சிரித்தாள். மசிகா சிரிக்கவில்லை, பீராவின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள், சின்னப் பிள்ளை பாலைக் குடித்து முடிக்கிறதா என்று பார்ப்பதுபோல. பீரா சுருட்டினாள். தோளில் போட்டாள். பனிமேட்டில் ஏறி மூடுபனி கவிந்ததும் அவிழ்த்துத் தரையில் விட்டாள். உன் பேச்சு எனக்கு இவ்வளவுதான். இழுபடட்டும்.

இழுபட்டது.

*

விடிந்துவிட்டிருந்தது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. மேலும் கீழும் ஒரே வெள்ளை, காய்ச்சிய பாலுக்குள் தலையை முக்கி வைத்ததுபோல. பூட்ஸுக்கு அடியில் கட்டிய இரும்புப் பற்கள் உறைந்த பனியைக் கடித்தன. கறுக், கறுக். மசிகாவின் ஓசை தூரத்தில், நக்காயியின் ஓசை நடுவில், தன் ஓசை காலடியில். மூன்றையும் அவள் பிரித்துக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அதனால்தான் நான்காவது ஓசை அவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது.

அதில் இரும்பு இல்லை. அவள் ஒவ்வோர் அடி வைத்ததும், அதற்குப் பின்னால் மெதுவாக, ஈரமாக, ஒரு சொத். ஈரத்துணியைக் கல்லில் வைப்பதுபோல. வெறுங்கால் பனியில் வைத்தால் அப்படித்தான் கேட்கும். வெறுங்காலோடு இங்கே யார் நடப்பார்கள்?

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். ஆரஞ்சு நிற வால் அவள் இடுப்பிலிருந்து இறங்கி, தரையைத் தொடாமல், நேராக மூடுபனிக்குள் போயிருந்தது. தரையைத் தொடாமல். இரண்டு கை நீளத்துக்கு மேல் அதில் மிச்சம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

அக்காவைக் கூப்பிட வேண்டும் என்று வாய் திறந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வது? நீ சுருட்டச் சொன்னாய், நான் அவிழ்த்துவிட்டேன். கீழே இறங்கியதும் அடுப்படியில் மூட்டை தூக்குகிறவர்கள் நடுவில் மசிகா அதை நடித்தே காட்டுவாள். டிகிரிக்காரி, டிகிரிக்காரி என்று சிரிப்பு ஊர்வரைக்கும் இறங்கும். பீரா வாயை மூடிக்கொண்டாள்.

வால் இரண்டு முறை இழுபட்டது. நட.

நடந்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. பனிமேட்டில் எதற்கும் வாடை இராது; அதனாலேயே அது மூக்கில் ஒட்டிக்கொண்டது. நனைந்த துணி, பால், துருப்பிடித்த இரும்பு. பிள்ளை பெற்ற அறையின் வாடை. அதற்குப் பின்னாலேயே குரல், காதுக்கு மிக அருகில், தூக்கத்திலிருந்து எழுந்த குழந்தையின் கொழகொழப்போடு.

"அக்கா."

பீராவை யாரும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அவள் வீட்டில் அவளுக்குப் பிறகு பெண் பிறக்கவில்லை. மூன்றாவது பெயர் அந்த வீட்டில் காலியாகவே கிடந்தது.

"அக்கா, உன்ன ஏன் எப்பவும் பின்னாலயே வச்சிருக்கா?"

பயந்துதான் போனாள். ஆனால் பயத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது, வெட்கம்கெட்ட ஒரு கதகதப்பு. யாரோ கவனித்திருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் யாரோ ஒருத்தர் அதைக் கேட்டுவிட்டார்கள்.

"நீ யாரு?" உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"உனக்கு அடுத்தவ. கபுகோ."

"எங்க வீட்ல கபுகோவே கெடையாது."

"எடம் இருக்குல்ல." அது சிரித்தது. "நான் வரிசையிலதான்கா நிக்கிறேன். ரொம்ப நாளா. நீ நகந்தாத்தான் நான் நகர முடியும்."

முன்னால் கயிறு விறைத்தது. மசிகா கத்தினாள்: "பீரா! என்னடி அங்க முணுமுணுப்பு?"

"ஒண்ணுமில்ல."

"வாலு தோள்ல இருக்கா?"

இதுதான் நேரம். ஒரு சொல் போதும். பீரா அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். நக்காயி திரும்பிக்கூடப் பார்க்காமல் மசிகாவின் திசையையே பார்த்து நின்றுகொண்டிருந்தாள், கோயில் வாசலில் நிற்பவள்போல.

"இருக்குக்கா," என்றாள் பீரா.

*

பிளவு விட்ட இடத்துக்கு வந்தார்கள். மேலே பனி மூடி, கீழே வெறும் பள்ளம். மசிகா பனிக்கோடரிக் காம்பால் குத்திக் குத்திப் பார்த்து ஒவ்வோர் அடியாகப் போனாள். குத்தும் ஓசை. டொக். டொக். பிறகு ஓசை இல்லை.

கயிறு அம்புபோல ஓடியது. நக்காயி அலறிக்கொண்டு குப்புற விழுந்து சறுக்கினாள். பீரா யோசிக்கவில்லை, கோடரியைப் பனியில் அறைந்து அதன்மேல் நெஞ்சைப் போட்டு விழுந்தாள். இடுப்பு எலும்பு கழன்றதுபோல ஓர் உலுக்கு. நின்றது. நக்காயி நடுவில் கிடந்து அழுதாள். அதற்கு அப்பால் கயிறு பனியை அறுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கியிருந்தது.

"பீரா!" பள்ளத்திலிருந்து மசிகா. "புடிச்சிருக்கியா?"

"புடிச்சிருக்கேன்!"

"நல்லாப் புடி. நான் ஏறி வர்றேன். விட்றாதடி!"

பிடித்திருந்தாள். நெஞ்சுக்குக் கீழே கோடரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. கை மரத்தது. பின்னால் வாலும் இழுத்துப் பிடித்திருந்தது. அந்த இழுப்பு இல்லாவிட்டால் மூன்று பேரும் போயிருப்போம் என்று அவளுக்கே புரிந்தது.

வாடை நெருங்கி வந்தது. காதில் மூச்சு. சூடே இல்லாத மூச்சு.

"கை வலிக்குதாக்கா? கொஞ்சம் தளத்திக்க. நான் புடிச்சிருக்கேன்ல."

"வேணாம். போ."

"அவ இல்லேன்னா யாருக்கா முன்னால?"

பதில் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் பதில் வந்துவிட்டது. வாசல் பலகையில் தன் முகம். வெளிநாட்டுக்காரன் இறங்கியதும் கேட்கும் பெயர். சாக்லேட்டின் பெரிய பாதி. எல்லாம் சேர்ந்து ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சுக்கு நெஞ்சு கோடரியிலிருந்து லேசாக எழும்பியது.

கனம் போய்விட்டது.

முன்னால் கயிறு துவண்டது. பின்னால் வாலும் அதே கணத்தில் துவண்டது. வெறுங்கால் ஓசை அவளைத் தாண்டி ஓடியதா, கேட்கவில்லை. காற்று மட்டும் ஒரு தரம் அவள் கன்னத்தை உரசிக்கொண்டு முன்பக்கமாகப் போனது.

"அக்கா!" என்று கத்தினாள். "அக்கா!"

நக்காயி முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு பிளவின் விளிம்பில் ஒரு கையுறை தெரிந்தது. சிவப்பு. மசிகாவுடையது. இன்னொரு கை. ஹெல்மெட். ஒரே எட்டில் மசிகா மேலே வந்து நின்றாள், வீட்டு வாசற்படி ஏறுவதுபோல. மூச்சுக்கூட வாங்கவில்லை. இடுப்பில் முடிச்சு அப்படியே இருந்தது.

பீரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சட்டைக்குள் அக்காவின் உடம்பு ஜில்லென்று இருந்தது. பள்ளத்துக் குளிர், வேறென்ன.

"நீ முன்னால போ," என்றாள் மசிகா.

"என்ன?"

"நீ முன்னால போ. நான் பின்னால வர்றேன்."

குடிலில் சொன்ன அதே சொற்கள். மரவள்ளி இல்லாமல், கிண்டல் இல்லாமல். மசிகா தானே முடிச்சை அவிழ்த்துப் பீராவின் இடுப்பில் போட்டுவிட்டாள். வாலுக்குப் போனாள். மிச்சக் கயிற்றைச் சுருட்டி மிக ஒழுங்காகத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

திரும்பிப் போகலாமா என்று பீரா நக்காயியைக் கேட்டிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். அவள் கேட்டது, "மேல போலாமா மேடம்?"

நக்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவளை.

"நீ கூட்டிட்டுப் போனா நான் வர்றேன், மசிகா."

பயத்தில் உளறுகிறாள். திருத்தலாம். பீரா திருத்தவில்லை. அந்தப் பெயர் காதில் விழுந்த விதம் நன்றாக இருந்தது.

*

உச்சி. கற்குவியலில் செருகிய பெயர்ப் பலகை. மூடுபனி கிழிந்து காங்கோ பக்கம் காடு ஒரு கணம் கரும்பச்சையாகத் தெரிந்து மறைந்தது. நக்காயி கைபேசியை எடுத்தாள்.

"மசிகா, பலகைகிட்ட நில்லு. பீரா, நீ கொஞ்சம் தள்ளிக்க. மசிகா மட்டும்."

பின்னால் நின்றவள் தள்ளி நின்றுகொண்டாள். சிரித்தபடி. மறுபேச்சு இல்லாமல்.

"மேடம், நான் பீரா," என்றாள் பீரா.

நக்காயி படம் எடுத்து முடித்துவிட்டுக் கைபேசியை இறக்கினாள். "என்ன மசிகா, உயரம் தலைக்கு ஏறிடுச்சா? உன் தங்கச்சிதான பீரா. உன் மூஞ்சிதான வாசப் பலகையில இருக்கு. உன்னை நம்பித்தான நான் வந்தேன்."

பீரா திரும்பினாள். அக்காவின் முகம். அக்காவின் கண். அக்காவின் புருவத் தழும்பு.

"அக்கா," என்றது அந்த முகம், அவளைப் பார்த்து. "எறங்கலாமாக்கா?"

நனைந்த துணி. பால். இரும்பு.

கயிறு மூன்று பேரையும் கட்டியிருந்தது. இறங்க வேறு வழி இல்லை.

இறங்கினார்கள். அவள் முன்னால். பின்னால் கறுக், கறுக் என்று நக்காயி. அதற்குப் பின்னால் ஓசை இல்லை. ஓசையே இல்லை. திரும்பக் கூடாது. குடில் வரட்டும். மூட்டை தூக்கும் ஆட்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மசிகாவைத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். அவர்கள் சொல்வார்கள்.

என்ன சொல்வார்கள்?

பிளவு வந்தது. மூடுபனி விலகி நின்றது. பனியில் ஆள் அகலத்துக்கு ஓர் ஓட்டை, உள்ளே நீலம்.

கண்ணை மூடிக்கொண்டு தாண்டினாள். நக்காயி தாண்டினாள்.

"பீரா."

கீழேயிருந்து. ஆழத்திலிருந்து. தொண்டை கிழிந்த குரல்.

"பீரா... கால் ஒடிஞ்சிருச்சுடி... இங்க ஒரு திட்டுல கெடக்கேன்... கயித்தப் போடு..."

பீரா நின்றாள். நக்காயி அவள்மேல் மோதினாள்.

"ஏன் நின்னுட்ட மசிகா?"

"கேக்கலையா? கீழ கேக்கலையா உங்களுக்கு?"

"காத்து. நட, ப்ளீஸ். எனக்குக் கை வெறைக்குது."

கயிற்றைப் போட வேண்டுமென்றால் முன்முடிச்சை அவிழ்க்க வேண்டும். கை முடிச்சுக்குப் போனது. விரல் முடிச்சின்மேல் இருந்தது. அவிழ்த்தால் மசிகா மேலே வருவாள். மேலே வந்து, யார் விட்டது என்று கேட்பாள். முன்னால் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். விரல் அசையவில்லை. குளிர்தான். குளிரால்தான்.

இரண்டு முறை கயிறு இழுபட்டது.

திரும்பிப் பார்த்தாள். கடைசி ஆள் இன்னும் பிளவைத் தாண்டியிருக்கவில்லை. விளிம்பில் மண்டியிட்டிருந்தது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் கையால் பனியை அள்ளி அள்ளி ஓட்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. அவசரம் இல்லை. மரவள்ளிக் குச்சியை நட்டு மண் அணைப்பவள்போல, ஒரு கை தள்ளுவதும் ஒரு கை தட்டுவதும்.

"பீரா!" உள்ளேயிருந்து. இப்போது கொஞ்சம் அமுங்கி. "பீரா, இருக்கியாடி?"

அது வேலையை நிறுத்தாமல், தலையை ஓட்டைப் பக்கம் சாய்த்து, பாசமாகச் சொன்னது:

"இங்கதான்கா இருக்கேன்."